அலமாரிக்குள் ஒரு சிரிப்பு

ஜனவரி 11

அன்புள்ள பெரியம்மா,

இதைப் படித்ததும் அம்மாவுக்குப் போன் செய்யாதீர்கள். பாதி படிக்கும்போதே உங்கள் கை போனுக்குப் போய்விடும் என்று தெரியும், அதனால்தான் முதலிலேயே எழுதுகிறேன். நான் எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது. சமையலறைத் தரையில் உட்கார்ந்து, ஃப்ரிட்ஜ் கதவைக் கொஞ்சம் திறந்துவைத்து அந்த வெளிச்சத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அது குளிரால்.

அப்பா வேறு வீட்டுக்குப் போனபோது நீங்கள் வந்து மாடிப்படியில் நின்று அம்மாவோடு சண்டை போட்டீர்களே, அன்றிலிருந்து நீங்கள் இரண்டு பேரும் பேசவில்லை. நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன். "நீ கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருக்கலாம்" என்றீர்கள். "ஊர் பூராவுக்கும் போன்ல அனுசரிச்சுத்தான் பேசறேன். வீட்டுலயும் அதையேவா?" என்றாள் அம்மா. கடைசியில் நீங்கள், "ஒரு வருஷம் பார்ப்போம். உன்னால முடியலைன்னா சின்னவ என் ஹாஸ்டலுக்கு வந்துடணும்" என்றீர்கள். அம்மா சரி என்று சொல்லிவிட்டாள். முழுப் பரீட்சை முடிந்தால் அந்த ஒரு வருஷம் முடிகிறது.

நான் அங்கே வர ஆசைப்பட்டு எழுதவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. வேறு யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

அம்மா குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் போன் எடுக்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியும். காலையிலிருந்து சாயங்காலம் வரை "மன்னிக்கவும், உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது" என்று சொல்லிவிட்டு வருவாள். வீட்டுக்கு வந்தால் அதிகம் பேசமாட்டாள். இப்போது சில நாட்களாக, நான் படுத்ததும் வளையலைக் கழற்றி வைக்கிறாள். கைக்கடிகாரத்தைக் கழற்றி இழுப்பறைக்குள் போடுகிறாள். பிறகு படுக்கையறையில் இருக்கும் பெரிய துணி அலமாரியைத் திறந்து உள்ளே ஏறி உட்கார்ந்துகொண்டு கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

உள்ளே பேசுகிறாள். ஒரு ஆண் எதிரில் இருப்பதுபோல மரியாதையாக. நான் கதவில் காதை வைத்துக் கேட்டேன். "இந்தச் சட்டையைக் குடுத்துட்டுப் போங்க. நாளைக்கும் வருவீங்கன்னு தெரியும், அதான் கதவைச் சாத்தல" என்றாள். வீட்டில் எந்த ஆணின் சட்டையும் இல்லை. நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

அப்புறம் ஒரு சத்தம். அது சிரிப்பா என்று சொல்லத் தெரியவில்லை. எண்ணெய் போடாத கதவு திறப்பதுபோல இருக்கும். நிறுத்துவாள். மறுபடி அதையே செய்வாள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா பெரியம்மா? நம் வீட்டில் யாராவது இப்படி இருந்திருக்கிறார்களா?

பதிலைக் கீழே இருக்கும் மருந்துக்கடை அக்காவின் முகவரிக்கு அனுப்புங்கள். அவர் யாரிடமும் சொல்லமாட்டார்.

சுண்டு

ஜனவரி 17

சுண்டு,

கடிதம் கிடைத்தது. நீ சொன்னபடி போன் செய்யவில்லை. கை இரண்டு முறை போனது உண்மை.

முதலில் ஃப்ரிட்ஜை மூடு. பால் கெட்டுவிடும்.

நான் இந்தப் பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்து தலை நரைத்தவள். எத்தனையோ பெண்களைப் பார்த்திருக்கிறேன். தூக்கத்தில் நடந்தவள் உண்டு, மொட்டை மாடியில் பாடியவள் உண்டு, பல்லியோடு பேசியவள்கூட உண்டு. ஆனால் ஒருத்தியும் அலமாரிக்குள் உட்கார்ந்து பேசியதில்லை. ஏனென்றால் இங்கே அலமாரிகளுக்குக் கதவே கிடையாது. நான்தான் கழற்றச் சொன்னேன். வருமுன் காப்பது என்றால் இதுதான்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில்: நம் குடும்பத்தில் யாருக்கும் மூளை குழம்பியதில்லை. உன் தாத்தாவுக்குக் கோபம் இருந்தது, அது வேறு. ஆகவே உள்ளே உண்மையிலேயே ஆள் இருக்கிறானா என்பதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். நீ எட்டிப் பார்க்கக் கூடாது. அது வயதுக்குத் தகாது. உன் அம்மா வெளியே வந்து படுத்துத் தூங்கிய பிறகு அலமாரியைப் பூட்டிச் சாவியை எடுத்து உன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள். உள்ளே ஆள் இருந்தால் தட்டுவான். இல்லையென்றால் தட்டமாட்டான். இதைவிட எளிய பரிசோதனை கிடையாது.

தட்டினால் திறக்காதே. எனக்குத் தந்தி கொடு. இப்போது தந்தி இல்லை என்பது நினைவிருக்கிறது. மருந்துக்கடைக்காரியை விட்டுப் போன் செய்யச் சொல்.

ஜன்னல் ஓரத்தில் உனக்கு ஒரு கட்டில் ஒதுக்கி வைத்துவிட்டேன். மெத்தை புதிது. போர்வையில் உன் பெயரை நானே தைத்திருக்கிறேன். காலை ஐந்தரைக்கு மணி, மாலை ஏழுக்குக் கேட் மூடப்படும். அந்த நேரத்துக்கு மேல் நானே வெளியே நின்றாலும் உள்ளே விடக் கூடாது என்று வாட்ச்மேனுக்கு உத்தரவு. பரீட்சை முடிந்ததும் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன். துணிகளை இப்போதிருந்தே பிரித்து வை.

சட்டை யாருடையது என்று கண்டுபிடி.

உன் பெரியம்மா

ஜனவரி 24

அன்புள்ள பெரியம்மா,

நீங்கள் சொன்ன பரிசோதனையைச் செய்தேன். ஒரு தவறு நடந்துவிட்டது.

அன்று அம்மா உள்ளே பேசிக்கொண்டிருந்தாள். பிறகு வெகுநேரம் சத்தமே இல்லை. நான் எட்டிப் பார்த்தபோது அவள் கட்டிலில் போர்வை மேடாக இருந்தது. தூங்கிவிட்டாள் என்று நினைத்து, கால் விரலில் நடந்து போய் அலமாரியைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடி வந்துவிட்டேன். கட்டிலில் இருந்தது துவைத்த துணி. அது எனக்குத் தெரியாது.

கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்டது.

பெரியம்மா, நான் போர்வைக்குள் புகுந்துவிட்டேன். ஆள் தட்டுகிறான் என்றே நினைத்தேன். மருந்துக்கடை மூடியிருக்குமே, யாரைக் கூப்பிடுவது என்று போர்வைக்குள் யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போது அலமாரிக்குள்ளிருந்து ரொம்பப் பணிவாக ஒரு குரல் வந்தது. "மன்னிக்கவும். யாராவது இருக்கீங்களா? இங்க கதவு திறக்கல."

அது அம்மாவின் ஆபீஸ் குரல்.

ஓடிப் போய்த் திறந்தேன். அம்மா போர்வைகளுக்கு நடுவில் வேர்த்துப் போய் உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் டார்ச், மடியில் தாள்கள். "ஏண்டி பூட்டின?" என்று கேட்டாள். "காத்துல கதவு ஆடுச்சும்மா" என்றேன். "உள்ள நான் இருக்கேன்னு தெரியாதா?" என்றாள். "நீ எதுக்கும்மா உள்ள இருக்க?" என்று நான் கேட்டேன். மடியிலிருந்த தாள்களை ஒதுக்கிவிட்டு, "நகர்ந்து உட்காரு, சொல்றேன்" என்று என்னையும் உள்ளே இழுத்துக்கொண்டாள்.

அம்மா ஒரு சினிமாவுக்குக் குரல் கொடுக்கிறாள்.

ஒலிப்பதிவுக் கூடம் நடத்தும் ஒருவர் அம்மாவின் ஆபீசுக்குப் போன் செய்திருக்கிறார். அவர் கூடத்துச் சுவருக்குள் தண்ணீர்க் குழாய் டக் டக்கென்று அடித்து, பதிவு செய்யும் எல்லாவற்றிலும் அந்தச் சத்தம் விழுந்ததாம். ஒவ்வொரு தடவையும் அம்மாதான் போனை எடுத்திருக்கிறாள். கடைசியில் அவர், "மேடம், குழாய் கிடக்கட்டும். உங்க குரல் வேணும்" என்று சொல்லிவிட்டார். வேற்று மொழி நடிகை ஒருவர் ஐம்பது வயதுக் கதாநாயகியாக நடித்திருக்கிறாராம். தமிழில் அவருக்குப் பேச வருகிற பெண்கள் எல்லோர் குரலும் இருபது வயதுக் குரலாகவே இருக்கிறதாம். அம்மாவுடையதுபோல நாற்பத்தாறு வருஷம் வாழ்ந்த குரல் ஒன்றுகூட அவருக்குக் கிடைக்கவில்லை.

வளையல், கடிகாரச் சத்தம் மைக்கில் விழும் என்பதால் கழற்றிவைத்துப் பழகுகிறாள். அலமாரிக்குள் துணிகள் சத்தத்தை உறிஞ்சிக்கொள்வதால் ஒலிக்கூடம் மாதிரியே இருக்குமாம். சட்டை என்பது கதையில் வரும் சட்டை.

"இது உன் பெரியம்மாவுக்கு மட்டும் தெரியக் கூடாது" என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். "ஏன்?" என்றேன். "சரியா வரலைன்னா அவ முகத்துல நான் முழிக்கணும்" என்றாள்.

இப்போது சத்தியத்தையும் மீறி எழுதுகிறேன். அம்மாவுக்கு ஒன்றும் இல்லை என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேன். தயவுசெய்து கூட்டிக்கொண்டு போக வராதீர்கள். போர்வையிலிருந்து என் பெயரைப் பிரித்துவிடுங்கள்.

சுண்டு

ஜனவரி 31

சுண்டு,

ஆள் இல்லை என்பதில் நிம்மதி. சினிமா என்பதில் இல்லை.

நாற்பத்தாறு வயதில் யாரோ ஒரு நடிகையின் வாய்க்கு இவள் ஏன் காதல் வசனம் பேச வேண்டும்? ஊர் சிரிக்காதா? அரை நாள் லீவு, ஒரு நாள் லீவு என்று போட்டு, இருக்கிற வேலையும் போனால் என்ன செய்வாள்? ஆற்றைக் கடக்கிறவரைக்கும் ஓடத்தை உதைக்கக் கூடாது. இதை நான் மாடிப்படியிலேயே சொல்லியிருப்பேன், அவள் கேட்டிருந்தால்.

அடுத்தது, அந்தக் குழாய் மனிதர். குழாய் ஒழுகுகிறது என்று ஒருவர் ஒருமுறை புகார் கொடுக்கலாம். இரண்டு முறை கொடுக்கலாம். ஒவ்வொரு தடவையும் அவளே போனை எடுத்தாள் என்றால் எத்தனை தடவை செய்தார்? இதை நீ கவனித்தாயா? நான் கவனித்தேன்.

போர்வையில் தைத்ததைப் பிரித்தால் துணியில் ஓட்டை விழும். பிரிக்க முடியாது. கட்டில் அப்படியே இருக்கிறது. ஒரு குழந்தையை வளர்க்கிற வீடு அலமாரிக்குள் நடத்தப்படுவதல்ல.

அந்தக் கதையில் சட்டைக்காரர் எதற்காகத் தினமும் வருகிறார்? உனக்கு எந்த மாதிரிக் கதைகள் காதில் விழுகின்றன என்று தெரிந்துகொள்வது என் கடமை. அதற்காகக் கேட்கிறேன், வேறொன்றுமில்லை. விவரமாக எழுது.

உன் பெரியம்மா

பிப்ரவரி 15

அன்புள்ள பெரியம்மா,

இன்று ஞாயிற்றுக்கிழமை. அம்மா என்னை ஒலிக்கூடத்துக்கு அழைத்துப் போனாள். வந்ததிலிருந்து உங்களுக்கு எழுத வேண்டும் என்றே துடித்துக்கொண்டிருந்தேன். இப்போதுதான் அம்மா தூங்கினாள்.

கதை இதுதான். கதாநாயகிக்கு ஐம்பது வயது. இருபத்தைந்து வருஷமாகப் புருஷனுக்குச் சட்டை தேய்த்துக் கொடுத்தவள். ஒருநாள் அவள் தேய்த்துக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டே அவர் அவளை விட்டுப் போய்விடுகிறார். "எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான்" என்று அவள் தெரு முனையில் ஓர் இஸ்திரிக் கடை போடுகிறாள். எதிர் மாடியில் பூகோள வாத்தியார் ஒருவர், தனி ஆள். தினமும் ஒரு சட்டையைக் கொண்டுவந்து தேய்க்கக் கொடுக்கிறார். ஒரே சட்டை. "இது நேத்து தேச்சதுதானே?" என்று அவள் கேட்டால், "நேத்து காலர் சரியா வரல" என்கிறார். வீட்டுக்குப் போனதும் அதை நாற்காலியில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து பேப்பர் படிப்பார், நன்றாகக் கசங்க வேண்டும் என்பதற்காக. எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்ததால் சிரிக்கலாம்.

அம்மா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றாள். சின்ன அறை. சுவர் எல்லாம் மெத்தை. எதிரே திரையில் அந்த நடிகையின் முகம் வரும். அவர் உதடு திறக்கும்போது அம்மா ஆரம்பிக்க வேண்டும், மூடும்போது முடிக்க வேண்டும். அம்மா உதட்டை மட்டும் பார்க்கமாட்டாள். அந்த நடிகையின் தொண்டையைப் பார்ப்பாள். மூச்சு இழுப்பது அங்கேதான் முதலில் தெரியுமாம். இதை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. போனில் முகம் தெரியாத ஆட்கள் பேசுவதற்கு முன்னால் இழுக்கும் மூச்சைக் கேட்டே, இவர் திட்டப் போகிறாரா, அழப் போகிறாரா என்று கண்டுபிடித்துப் பழகியவள் அவள். டைரக்டருக்கு முப்பது வயதுதான் இருக்கும். "இது எனக்கே தெரியாது மேடம்" என்றார்.

ஆனால் ஆரம்பத்தில் அவரை அம்மா நன்றாகப் படுத்தியிருக்கிறாள். "உங்களைப் பிடிச்சிருக்கு" என்பதை "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது" மாதிரியே சொன்னாளாம். டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டு, "மேடம், அவர் புகார் குடுக்க வரல, காதலிக்க வந்திருக்கார்" என்றாராம். இப்போது அப்படி இல்லை. இன்று ஒரு இடத்தில் அந்த வாத்தியார், "நான் நாளைக்கு வரமாட்டேன்" என்கிறார். கதாநாயகி, "சரி" என்கிறாள். அவ்வளவுதான் வசனம். அந்த ஒரு "சரி"யை அம்மா சொன்னபோது அந்தக் கூடத்தை நடத்தும் ஒலிக்காரர் பொத்தானில் கை வைத்தபடியே இருந்துவிட்டார். பதிவை நிறுத்த மறந்துவிட்டார்.

அவள் என் அம்மா என்று எனக்கு அந்த நேரம் நம்ப முடியவில்லை. பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

குழாயைப் பற்றிக் கேட்டீர்கள். குழாய் எப்போதோ சரியாகிவிட்டது. ஆனாலும் ஒலிக்காரர் அம்மாவின் ஆபீசுக்கு இன்னும் போன் செய்து புகார் கொடுக்கிறார். "பதிவு செய்யப்பட்டது" என்று அம்மாவும் எழுதிக்கொள்கிறாள். ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

இப்போது கஷ்டம் ஒன்று. படத்தில் கதாநாயகி ஒரு இடத்தில் வாய்விட்டுச் சிரிக்க வேண்டும். புருஷன் போன பிறகு முதல் சிரிப்பு. வாத்தியார் சட்டையின்மேல் உட்கார்ந்திருப்பதை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிடும் காட்சி. படமே அந்தச் சிரிப்பில்தான் நிற்கிறது என்கிறார் டைரக்டர். அம்மாவுக்கு அது வரவில்லை. அலமாரிக்குள் இத்தனை நாள் பழகியது அதைத்தான். இன்றைக்கும் அந்த எண்ணெய் போடாத கதவுச் சத்தம்தான் வந்தது. டைரக்டர் ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: மாதக் கடைசிக்குள் வராவிட்டால் முழுப் படத்தையும் வேறு ஒருவரை வைத்துப் பேச வேண்டியிருக்கும். சிரிப்பு ஒரு குரலும் பேச்சு ஒரு குரலுமாக வைக்க முடியாதாம்.

பஸ்ஸில் வரும்போது அம்மா வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். "நான் எப்படிச் சிரிப்பேன்னு எனக்கே மறந்துபோச்சுடி" என்றாள். நானும் யோசித்துப் பார்த்தேன். எனக்கும் நினைவில்லை. அம்மா எதற்குச் சிரிப்பாள் பெரியம்மா? உங்களுக்குத் தெரிந்திருக்குமே.

சுண்டு

பிப்ரவரி 20

சுண்டு,

பூகோள வாத்தியார் சட்டையின்மேல் உட்காருவது நடைமுறைக்கு ஒவ்வாதது. அவ்வளவு கசங்காது. ஈரம் தெளித்துச் சுருட்டி வைக்க வேண்டும். மற்றபடி கதையில் ஆபாசம் எதுவும் இல்லை என்று குறித்துக்கொண்டேன். "சரி" என்ற இடத்தை நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன், உன் கையெழுத்து புரியாததால்.

உன் கேள்விக்கு வருகிறேன். உன் அம்மா நகைச்சுவைக்குச் சிரிக்கிற ரகம் அல்ல. யாராவது சிரிப்புக் கதை சொன்னால், "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டுக் கதை சொன்னவரையே அழ வைத்துவிடுவாள். அவள் சிரித்து நான் பார்த்ததெல்லாம் தகாத இடங்களில்தான்.

நான் வார்டனாகப் பொறுப்பேற்ற அன்று ஒரு வரவேற்புக் கூட்டம் நடந்தது. பெரிய மனிதர்கள் வந்திருந்தார்கள். நான் எழுதி வைத்த உரையைப் படித்தேன். தலைப்பு, ஒழுங்கு. என் மூக்குக்கண்ணாடியில் ஒரு கயிறு கட்டியிருந்தேன், தொலையாமல் இருக்க. அந்தக் கயிறு மைக்கில் மாட்டிக்கொண்டது எனக்குத் தெரியவில்லை. நான் நிமிர்ந்தால் மைக்கும் நிமிர்ந்தது. நான் திரும்பினால் அதுவும் திரும்பியது. நான் விடாமல் படித்தேன், ஏனென்றால் தலைப்பு ஒழுங்கு. அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. முதலில் சீட்டி மாதிரி, அப்புறம் இருமல் மாதிரி, பிறகு மூக்கால் ஒரு இழுப்பு. சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. உன் அம்மா. அவள் சிரித்ததைப் பார்த்து அந்தப் பெரிய மனிதர்களும் சிரித்தார்கள். ஒழுங்கு அத்தோடு முடிந்தது.

அன்றிலிருந்து நான் பேசும் எந்தக் கூட்டத்துக்கும் அவளைக் கூப்பிடுவதில்லை. சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். நான் மிகவும் பொறுப்பாக ஏதாவது சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் அவளுக்கு அது வரும். எனக்கு இதன் காரணம் இன்றுவரை விளங்கவில்லை.

இது உன் கேள்விக்கு உதவாது என்று தெரியும். கேட்டதால் எழுதினேன். பரீட்சைக்குப் படி.

உன் பெரியம்மா

பிப்ரவரி 28

அன்புள்ள பெரியம்மா,

எல்லாம் தெரிந்துவிட்டது. நீங்கள் கோபப்படுவதற்கு முன்னால் முழுக்கப் படியுங்கள்.

உங்கள் கடிதங்களை என் பூகோளப் புத்தகத்தின் அட்டைக்குள் வைத்திருந்தேன். நேற்று அம்மா அட்டை கிழிந்திருக்கிறது என்று மாற்றிப் போட எடுத்திருக்கிறாள். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது அம்மா சமையலறையில் நின்றபடி படித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. நான் பையைக்கூட இறக்கவில்லை. இன்றைக்கு அடிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லாவற்றையும் படித்து முடித்து மடித்துவிட்டு, "பயந்துட்டியா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"என்கிட்டயே கேட்டிருக்கலாமே."

பெரியம்மா, முதல் கடிதத்தில் நான் எதற்குப் பயந்தேன் என்று முழுசாக எழுதவில்லை. எழுத வரவில்லை. அம்மாவிடம் நேற்றுச் சொல்லிவிட்டேன். அப்பா போவதற்கு முன்னால் இப்படித்தான் பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு மெதுவான குரலில் யாரோடோ பேசுவார். கொஞ்ச நாளில் போய்விட்டார். அம்மாவும் கதவைச் சாத்திக்கொண்டு பேச ஆரம்பித்ததும் அவளும் போய்விடுவாள் என்று எனக்குப் பயம். அதனால்தான் நீங்கள் பூட்டச் சொன்னதும் பூட்டினேன். தட்டியபோதுகூட உடனே திறக்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

அம்மா கடிதங்களைச் சமையல் மேடையில் வைத்தாள். அப்புறம், "நான் அலமாரிக்குள்ளதாண்டி போனேன். அதுக்குப் பின்பக்கம் வாசல் கிடையாது" என்றாள். என் பையை அவளே தோளிலிருந்து கழற்றினாள். உங்கள் கடிதங்களில் ஒன்றை மட்டும் எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். எதற்கு என்று கேட்கத் தைரியம் வரவில்லை. உங்களோடு சண்டை போடத்தான் என்று நினைத்தேன்.

இன்று கடைசி நாள். கூடத்துக்கு நானும் போனேன். டைரக்டர் முகம் வாடியிருந்தது. வேறு ஒரு பெண்ணும் வந்து வெளியே காத்திருந்தார். அம்மா அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே போனாள். விளக்கு அணைந்தது. திரையில் இஸ்திரிக் கடை. நடிகை ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறார். வாத்தியார் சட்டையின்மேல் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். அம்மா மைக்குக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன விளக்கின் கீழ் ஒரு தாளைப் பிரித்தாள்.

முதலில் சீட்டி மாதிரி வந்தது. அப்புறம் இருமல். பிறகு மூக்கால் ஒரு இழுப்பு. அதற்கப்புறம் அம்மாவால் நிறுத்தவே முடியவில்லை. சுவர் மெத்தையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் டைரக்டர் சிரித்தார், ஒலிக்காரர் சிரித்தார். வெளியே காத்திருந்த பெண்கூடக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டு, "அப்போ நான் கிளம்பறேன் சார்" என்று போய்விட்டார்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஒலிக்காரர், "அது என்ன மேடம் தாள்?" என்று கேட்டார். "எங்க அக்கா எழுதினது" என்றாள் அம்மா.

நீங்கள் ஜனவரியில் எழுதிய கடிதம் அது. அலமாரிக்குக் கதவே கிடையாது என்ற இடம், தட்டினால் ஆள் இருக்கிறான் என்ற இடம், அப்புறம் தந்தி. வீட்டுக்கு வரும்போதும் பஸ்ஸில், "தட்டினால் திறக்காதே" என்று மெதுவாகச் சொல்லிச் சொல்லி அம்மா தோள் குலுங்கியது. அடுத்த சீட்டுக்காரர் இடம் மாறி உட்கார்ந்துகொண்டார்.

கோபமா பெரியம்மா?

சுண்டு

மார்ச் 6

சுண்டு,

என் கடிதம் சிரிப்பதற்காக எழுதப்பட்டதல்ல.

உன் பயத்தைப் பற்றி எழுதியிருந்த பகுதியைப் படித்தேன். உன்னைப் பூட்டச் சொன்னவள் நான் என்பதால் அதைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை. எழுதத் தெரியவில்லை.

படம் வரட்டும். என் கண்ணால் பார்த்த பிறகுதான் எதையும் முடிவு செய்வேன். கட்டில் இருக்கிறது.

உன் பெரியம்மா

ஏப்ரல் 19

அன்புள்ள பெரியம்மா,

பரீட்சை முடிந்தது. பூகோளம் நன்றாக எழுதியிருக்கிறேன்.

படம் இந்த வெள்ளிக்கிழமை வருகிறது. அதற்கு முன்னாலேயே எங்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். கடைசியில் எழுத்துகள் ஓடும்போது அம்மாவின் பெயர் சின்னதாக வருகிறது. ஒலிக்காரர் எங்களுக்காக அந்த இடத்தில் படத்தை நிறுத்திவைத்தார். அம்மா, "போதும், ஓட விடுங்க" என்றாள். ஆனால் அவர் ஓட விட்டதும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அவருக்கு இன்னொரு படம் வந்திருக்கிறது, அதற்கும் அம்மா வேண்டுமாம். அம்மா ஆபீசில் காலை நேர வேலைக்கு மாற்றல் கேட்டிருக்கிறாள். கொடுத்துவிட்டார்கள்.

இதையெல்லாம் சொல்ல எழுதவில்லை. அம்மா பரணிலிருந்து என் பெட்டியை இறக்கித் தூசி தட்டி வைத்திருக்கிறாள். "எதுக்கும்மா?" என்று கேட்டேன். "அக்காகிட்ட ஒரு வருஷம்னு வார்த்தை குடுத்திருக்கேன். அவ வந்து பார்த்துட்டு என்ன சொல்றாளோ அது. நான் பேச்சு மாறினா, அப்புறம் உன் அப்பாவுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?" என்றாள். சொல்லிவிட்டு அலமாரிக்குள் போய்விட்டாள். இன்று வசனம் எதுவும் கேட்கவில்லை.

பெட்டி கதவுக்குப் பக்கத்தில் திறந்தே கிடக்கிறது. நான் உள்ளே எதுவும் வைக்கவில்லை. அம்மாவும் வைக்கவில்லை.

சுண்டு

ஏப்ரல் 26

சுண்டு,

இந்தக் கடிதத்தை உன் அம்மாவும் படிக்கலாம். நேராக வீட்டு முகவரிக்கே அனுப்புகிறேன். மருந்துக்கடைக்காரிக்கு என் நன்றியைச் சொல்.

நேற்று மாலைக் காட்சிக்குப் போனேன். தனியாகப் போவதாகத்தான் இருந்தது. சினிமாவுக்குப் போகிறேன் என்று சமையல்காரம்மாவிடம் சொன்னேன், அது விடுதி முழுக்கப் பரவிவிட்டது. லீவுக்கு ஊருக்குப் போகாத பெண்கள் எல்லாம் வாசலில் வரிசையாக வந்து நின்றுவிட்டார்கள். இத்தனை வருஷத்தில் சொல்லாமலே அவர்கள் வரிசையில் நின்றது இதுதான் முதல் தடவை. கூட்டிக்கொண்டு போனேன்.

படம் தொடங்கிக் கொஞ்ச நேரம் எனக்கு அந்த நடிகையின் முகம்தான் தெரிந்தது. பிறகு முகம் மறைந்துவிட்டது. என் தங்கை அந்த இஸ்திரிக் கடையில் நின்றாள். "சரி" என்று நீ எழுதிய இடம் வந்தது. நீ எழுதியது குறைவு.

அந்தச் சிரிப்பு வந்தது. சீட்டி, இருமல், மூக்கிழுப்பு. என்ன நடந்தது தெரியுமா? என் கை தானாகவே எழுந்து மூக்குக்கண்ணாடியின் கயிற்றைத் தடவிப் பார்த்தது, எங்கேயாவது மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று. இருட்டில் அரங்கமே சிரித்துக்கொண்டிருந்தது. என் பெண்கள் ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து சிரித்தார்கள். பக்கத்திலிருந்தவள், "மேடம், நீங்களா சிரிக்கறீங்க?" என்று கேட்டாள். "படத்தைப் பாரு" என்றேன்.

கடைசியில் அந்தப் புருஷன் கசங்கின சட்டைகளை மூட்டையாகத் தூக்கிக்கொண்டு கடைக்குத் திரும்பி வருகிறானே, அந்த இடத்தைப் பற்றி நீ எழுதவே இல்லை. வேண்டுமென்றேதானே விட்டாய், கள்ளி. அவன், "பழசை எல்லாம் மறந்துடு" என்கிறான். அவள் அழவில்லை, திட்டவில்லை. ரொம்பப் பணிவாக, "மன்னிக்கவும். பழைய துணி இங்க எடுக்கறதில்ல" என்கிறாள். அது நடிகையின் குரலும் அல்ல, கதாநாயகியின் குரலும் அல்ல. இருபது வருஷமாகப் போனில் ஊரின் வசவை எல்லாம் வாங்கிக்கொண்ட குரல். அனுசரித்துப் போயிருக்கலாமே என்று நான் மாடிப்படியில் நின்று சொன்னது அந்தக் குரலிடம்தான். அரங்கம் எழுந்து கை தட்டியது. நானும் எழுந்தேன். என் பெண்கள் எனக்கு முன்னாலேயே எழுந்துவிட்டார்கள்.

எழுத்துகள் ஓடி முடியும் வரை யாரையும் வெளியே விடவில்லை. உன் அம்மாவின் பெயர் வந்ததும் எல்லோரையும் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். படித்தார்கள்.

விடுதிக்குத் திரும்பும்போது கேட் பூட்டியிருந்தது. தட்டினேன். "யாரு?" என்றார் வாட்ச்மேன். "நான்தான், வார்டன்" என்றேன். "வார்டன் அம்மாவே வந்தாலும் திறக்கக் கூடாதுன்னு வார்டன் அம்மா உத்தரவு" என்றார். அவர் சொன்னது சரி. தெருவில் நின்றோம். அப்போது எனக்கும் அது வந்துவிட்டது, சீட்டியும் இருமலும். எனக்கும் அப்படித்தான் வரும் என்று இதுவரை எனக்குத் தெரியாது. அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பயந்துதான் அவர் கதவைத் திறந்தார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஜன்னல் ஓரக் கட்டிலை இன்று காலை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன். புதிதாக வந்திருக்கிறாள், இருட்டில் பயப்படுகிறாள். போர்வையை மட்டும் கொடுக்கவில்லை, அதில் உன் பெயர் இருக்கிறது. வரும்போது கொண்டுவருகிறேன். ஆம், வருகிறேன். கூட்டிக்கொண்டு போக அல்ல, தங்க. சோபாவே போதும். பெட்டியைத் திரும்பப் பரணில் ஏற்றச் சொல் உன் அம்மாவை. அவள் வார்த்தை தவறவில்லை. நான்தான் வருஷத்தைத் தப்பாக எண்ணிவிட்டேன்.

குழாய் சரியான பிறகும் புகார் கொடுக்கும் அந்த மனிதரைப் பற்றி உனக்கு இன்னும் புரியாவிட்டால் படத்தை இன்னொரு முறை பார். உன் அம்மாவுக்குப் புரிந்திருக்கும். அதைப் பற்றி அவளிடம் எதுவும் கேட்காதே, நானும் கேட்கமாட்டேன். நான் வரும் அன்று அவரை டீ குடிக்கக் கூப்பிடலாம். நன்றாகத் தேய்த்த சட்டையில் வருகிறாரா என்று பார்க்க வேண்டும்.

தச்சர் வந்து அலமாரிகளுக்கு அளவெடுத்துக்கொண்டிருக்கிறார், கதவு போட. அவர் கூப்பிடுகிறார். இத்தோடு முடிக்கிறேன்.

அலமாரியைப் பூட்டாதே.

உன் பெரியம்மா